காலிக் கல்லின் முன்னால் ஒரு காலைப்பொழுது



நெல்லியடிப் பக்கத்திலிருந்து கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா என்றால் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு ஒழுங்கு இருக்கிறது. தெஹிவளை மிருகக்காட்சிசாலை, காலிமுகத்திடல், இப்போது தாமரைக் கோபுரம். நேரம் மிஞ்சினால் தேசிய நூதனசாலை. அதுவும் கண்டி அரசரின் சிம்மாசனத்தோடு ஒரு படம் எடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓட்டம். இந்த முறை நாங்கள் ஒழுங்கை மாற்றி, காலையில் முதல் வேலையாக நூதனசாலைக்கே போனோம்.

அந்த வெள்ளைக் கட்டடம் ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் எழுந்தது. வரைபடம் ஜேம்ஸ் ஸ்மிதருடையது. 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்தார்கள். கட்டிக் கொடுத்தவர் கொழும்பு முஸ்லிமான அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு விழாவில் ஆளுநர் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாராம். பட்டமோ பதவியோ வேண்டாம், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இதைப் பூட்டி வையுங்கள் என்றாராம் அவர். எங்கள் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிக் கேட்ட கதை இது. பிள்ளைகளுக்குச் சொன்னோம். "அப்ப பள்ளிக்கூடத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே, சேர்" என்றான் ஒருவன்.

உள்ளே நாங்கள் தேடிப் போனது சிம்மாசனத்தை அல்ல, காலியில் கிடைத்த மும்மொழிக் கல்லை. 1911இல் காலி நகரத்தில் ஒரு மதகின் மூடுகல்லாக, எழுத்துப் பக்கம் கீழே இருக்கக் கிடந்தது. எத்தனை வண்டிகள் அதன் மேலால் போயிருக்குமோ! சீனத்து மிங் பேரரசரின் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. அதில் உள்ள ஆண்டு 1409. செங் ஹே யுன்னான் மாகாணத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.

கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். ஒரே செய்தியின் மூன்று மொழிபெயர்ப்புகள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை வைக்கிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கு, அதாவது தேவந்துறைக் கோயிலில் இருந்த விஷ்ணுவுக்கு. பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. காணிக்கைப் பட்டியல்களில் பெரிய வித்தியாசமில்லை: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் என்று போகிறது. பாரசீக எழுத்துத்தான் மிகவும் தேய்ந்து போயிருக்கிறது. தமிழெழுத்தை பிள்ளைகள் விரலால் காற்றில் தடவித் தடவித் தேடினார்கள். தெரிந்த ஓர் எழுத்து அகப்பட்டதும் ஒரு சத்தம். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

"இதில சிங்களம் இல்லையே, சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அன்று இந்து சமுத்திரத் துறைமுகங்களில் வணிகர்கள் புழங்கிய மொழிகள் தமிழும் பாரசீகமும். சீனக் கப்பல்காரர் கரையில் யாரோடு பேச வேண்டியிருந்ததோ அவர்களுக்கு எழுதினார்கள். இந்தக் கல்லைக் காட்டி நாடு முழுக்க எங்களுடையது என்று முகநூலில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு இது உதவாது. சமாதானச் சின்னம் என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. அதே பயணத்தில், 1411இல், செங் ஹே இங்கிருந்த அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். காணிக்கை பெற்ற தேவந்துறைக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள்.

மற்ற இடங்களை வேகமாகப் பார்த்தோம். ஆனந்த குமாரசுவாமி மாவத்தை நடைபாதையில் ஓவியங்களைச் சாத்தி வைத்து விற்கிறார்கள். விலை கேட்டதோடு சரி. புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலை வெளியே நின்றே பார்த்தோம்.

திரும்பும்போது இரவு புத்தளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, தானும் யாழ்ப்பாணம்தான் என்றார். சோனகத் தெரு. பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. பஸ் வெளிக்கிட்டதும் கல்லைப் பற்றிக் கேட்ட அதே மாணவி கேட்டாள்: "அவர் ஏன் சேர் இங்க இருக்கிறார்?"

1990 ஒக்டோபர் 30ஐப் பற்றி அதுவரை வகுப்பில் நாங்கள் வாய் திறந்ததில்லை. பாடத்திட்டத்தைச் சாட்டாகச் சொல்லித் தப்பியிருக்கிறோம். அன்றிரவு சொன்னோம். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த மாதம் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளத்துக்கு. பின்சீட்டில் பாட்டு நின்றுவிட்டது. அநுராதபுரம் தாண்டியும் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. சிலவற்றுக்கு எங்களிடம் பதில் இருந்தது.

அடுத்த தவணையில் பத்தாம் வகுப்பு போகிறது. தாமரைக் கோபுரத்தை முதலில் போடச் சொல்லிச் சில பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். காலையில் நூதனசாலை, தேத்தண்ணி புத்தளத்தில் என்று பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டோம்.