ஜார்ஜ் டவுன், சென்னை

ஜார்ஜ் டவுன் என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையின் வடகிழக்குப் பகுதியில் அமைந்துள்ள பழமையான வணிகப் பகுதியாகும். புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, சென்னைத் துறைமுகத்துக்கு மேற்கே இது பரந்துள்ளது. முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை ஆகிய இரண்டு பழைய பேட்டைகள் இதனுள் அடங்கும். பாரிமுனை, மண்ணடி, சவுகார்பேட்டை, கொத்தவால் சாவடி, பூக்கடை, ஏழுகிணறு எனப் பொதுமக்கள் வழங்கும் இடங்கள் யாவும் இப்பகுதியின் உட்பிரிவுகளே. துணி, தாள், நகை, மளிகை, இரும்புச் சாமான் எனப் பல பொருட்களின் மொத்த வணிகம் இங்கு தெருத் தெருவாகப் பிரிந்து நடைபெறுகிறது. பொருள் வாங்குவோர் மட்டுமன்றி, நகரின் வரலாற்றை அறிய விரும்பும் மாணவர்களும் இங்கு ஒருநாள் பயணமாக வருகின்றனர்.

பெயர்

கோட்டைக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி வெள்ளையர் நகரம் என்றும், வெளியே இந்தியர் வாழ்ந்த பகுதி கருப்பர் நகரம் என்றும் ஆங்கிலேயரால் அழைக்கப்பட்டன. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய வேல்சு இளவரசரின் சென்னை வருகையை ஒட்டி, 1906 ஆம் ஆண்டில் கருப்பர் நகரம் என்ற பெயர் நீக்கப்பட்டு ஜார்ஜ் டவுன் என்ற பெயர் சூட்டப்பட்டது. எனினும் பேச்சு வழக்கில் "பாரிசு" என்ற பெயரே மிகுதியாகப் பயன்படுகிறது. இது பிரான்சு நாட்டின் தலைநகரைக் குறிப்பதன்று. 1788 ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த தாமசு பாரி என்ற வேல்சு நாட்டு வணிகரின் நிறுவனம் இங்குள்ள சாலைச் சந்திப்பில் இருந்ததால் அவ்விடம் பாரிமுனை ஆயிற்று.

வரலாறு

1639 ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரையில் நிலம் கிடைத்ததும் கோட்டை கட்டும் பணி தொடங்கியது. கம்பெனியின் முதன்மை வணிகம் பருத்தித் துணியாகும். எனவே நெசவாளர், சாயமிடுவோர், சலவைத் தொழிலாளர், தரகர், துபாசிகள் ஆகியோர் கோட்டைக்கு வடக்கே குடியேறினர். இதுவே முதல் கருப்பர் நகரம். அது இன்றைய உயர் நீதிமன்ற வளாகமும் அதன் சுற்றுப்புறமும் உள்ள நிலத்தில் இருந்தது.

1746 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. 1749 ஆம் ஆண்டில் நகரம் மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது. 1758-59 ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுத் தளபதி லாலி மீண்டும் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டையை ஒட்டி வீடுகள் இருப்பது பகைவருக்கு மறைவிடமாகும் என்று கருதிய ஆங்கிலேயர், பழைய கருப்பர் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கி, பீரங்கிகளின் பார்வைக்குத் தடையற்ற திறந்த வெளியை உருவாக்கினர். அந்த வெளியின் எல்லையைக் காட்ட நடப்பட்ட கல்தூண்களுள் 1773 ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒன்று பாரிமுனையில் உள்ள டேர் மாளிகை வளாகத்தில் இன்றும் உள்ளது. வீடிழந்த மக்கள் வடக்கே இருந்த முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியேறினர். இன்றைய ஜார்ஜ் டவுன் இவ்வாறு உருவானதே.

இரு பேட்டைகளுக்கும் இடையே ஒரு நீரோடை இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சுடீவன் பாப்பம் என்பவர் அதனைச் சீர்செய்து சாலை அமைத்தார். அதுவே பிராட்வே, இன்றைய பெயர் பிரகாசம் சாலை. வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவினர்களுக்கிடையே நிகழ்ந்த பூசல்களை ஒட்டி, பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கும் முத்தியால்பேட்டை இடங்கையினருக்கும் உரியதாகக் கருதப்பட்டது.

ஐதர் அலியின் படையெடுப்புகளுக்குப் பின்னர் நகரைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. மதிலுக்கான செலவை மக்களிடம் வரியாகப் பெறத் திட்டமிடப்பட்டது. அவ்வரி வசூலிக்கப்படாமலே போயினும், அதன் நினைவாக வால்டாக்சு சாலை என்ற பெயர் நிலைத்துவிட்டது. மதிலின் எஞ்சிய பகுதி ஒன்றை இராயபுரத்தில் மாடிப் பூங்காவில் காணலாம்.

செயற்கைத் துறைமுகம் அமையும் வரை, நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மசூலா படகுகள் சரக்குகளைக் கரை சேர்த்தன. இறங்கிய சரக்கை அருகிலேயே சேமித்து விற்க வேண்டியிருந்ததால் கிடங்குகளும் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் இக்கரையை ஒட்டியே வளர்ந்தன. துறைமுகமும் தொடர்வண்டிப் பாதையும் வந்தபின் இவ்வணிகம் மேலும் பெருகியது.

தெருக்களும் வணிகமும்

ஒரே பொருளை விற்போர் ஒரே தெருவில் கூடுவது இப்பகுதியின் இயல்பு. வாங்குபவர் பல கடைகளின் விலையை நடந்தே ஒப்பிட முடிவதும், ஒரு கடையில் இல்லாத சரக்கை அடுத்த கடையிலிருந்து உடனே பெற முடிவதும் இதன் பயன்களாகும்.

* கோடவுன் தெரு: துணி மொத்த வணிகம். கிடங்கைக் குறிக்கும் சொல்லே தெருவின் பெயராயிற்று.
* ஆண்டர்சன் தெரு: தாள், எழுதுபொருள், திருமண அழைப்பிதழ்.
* நேதாஜி சுபாசு சந்திர போசு சாலை: நகைக் கடைகள், பலசரக்கு, நடைபாதைக் கடைகள்.
* நைனியப்ப நாயக்கன் தெரு: வேதிப்பொருள், மருத்துவக் கருவிகள்.
* காசி செட்டித் தெரு: விளையாட்டுப் பொருள், அழகுப் பொருள்.
* மண்ணடி, செம்புதாசு தெரு: இரும்புச் சாமான்கள்.
* கொத்தவால் சாவடி: மளிகைப் பொருட்கள். இங்கிருந்த காய்கறி மொத்த அங்காடி 1996 ஆம் ஆண்டில் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது.
* பர்மா பசார்: கடற்கரைத் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி இராசாசி சாலையில் உள்ளது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காக 1969 ஆம் ஆண்டில் உருவானது. மின்னணுப் பொருட்கள் இங்கு மிகுதி.

பவளக்காரத் தெரு, அங்கு வாழ்ந்த யூதப் பவள வணிகர்களால் பெயர் பெற்றது. தங்கசாலைத் தெருவின் பெயருக்கு அங்கு இருந்த கம்பெனியின் நாணயச் சாலை காரணமாகும். தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு போன்றவை பழைய வணிகர்களின் பெயர்களைத் தாங்கியவை. குசராத்து, இராசசுத்தான் பகுதிகளிலிருந்து வந்தோர் மிகுதியாக வாழும் பகுதி சவுகார்பேட்டை. "சாவுகார்" என்பது வட்டிக்குப் பணம் கொடுக்கும் வணிகரைக் குறிக்கும்.

வழிபாட்டிடங்கள்

பல சமயத்தவரும் தொழில் நிமித்தம் ஒன்றுகூடிய இடமாதலால், சிறு பரப்பிற்குள் பல சமயக் கோயில்கள் உள்ளன. பழைய கருப்பர் நகரத்துடன் இடிக்கப்பட்ட கோயிலுக்கு ஈடாக, பூக்கடைப் பகுதியில் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் கோயில்கள் கட்டப்பட்டன. இவை பட்டணம் கோயில் எனவும் வழங்கும். இராசப்ப செட்டித் தெருவில் உள்ள கந்தகோட்டம், இராமலிங்க வள்ளலார் இளமையில் வழிபட்டுப் பாடிய முருகன் கோயிலாகும். தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில் உள்ளது. மராட்டிய மன்னர் சிவாசி 1677 ஆம் ஆண்டில் இங்கு வழிபட்டதாகக் கூறப்படுகிறது.

அரண்மனைக்காரத் தெரு என இன்று வழங்கும் தெருவின் முற்பெயர் ஆர்மீனியன் தெரு. "அர்மேனியர்" என்ற சொல் மக்கள் நாவில் "அரண்மனைக்காரர்" எனத் திரிந்தது. இங்குள்ள புனித மரியாள் ஆர்மீனியத் தேவாலயம் 1772 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான "அசுதரார்" 1794 ஆம் ஆண்டில் சென்னையிலிருந்தே வெளிவந்தது. மண்ணடியில் அங்கப்ப நாயக்கன் தெருவில் மசூதியும், சவுகார்பேட்டையில் சமணக் கோயில்களும் உள்ளன.

குறிப்பிடத்தக்க கட்டடங்கள்

* சென்னை உயர் நீதிமன்றம்: இந்திய-சரசெனிய பாணியில் அமைந்தது, 1892 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இதன் உயர்ந்த கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. 1914 செப்டம்பர் 22 அன்று செருமானியக் கப்பலான எம்டன் நடத்திய குண்டுவீச்சின் நினைவுக் கல் வளாகச் சுவரில் உள்ளது.
* தலைமை அஞ்சலகம்: கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்தது; 1884 ஆம் ஆண்டில் நிறைவுற்றது.
* பச்சையப்பன் மண்டபம்: கிரேக்கக் கோயிலின் வடிவில் 1850 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1896 ஆம் ஆண்டு அக்டோபரில், தென்னாப்பிரிக்க இந்தியர்களின் நிலை பற்றி மோகன்தாசு காந்தி இங்கு உரையாற்றினார்.

போக்குவரத்து

புறநகர்த் தொடர்வண்டியில் வருவோர் கடற்கரை அல்லது கோட்டை நிலையத்தில் இறங்கலாம். உயர் நீதிமன்றம், மண்ணடி ஆகிய மெட்ரோ நிலையங்கள் 2019 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தன. சவுகார்பேட்டைப் பக்கம் செல்வோருக்குச் சென்ட்ரல் நிலையமும் அண்மையில் உள்ளது. பாரிமுனையிலிருந்து புறப்பட்ட வெளியூர்ப் பேருந்துகள் 2002 ஆம் ஆண்டில் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டன. பாரிமுனைப் பேருந்து நிலையத்தை மறுசீரமைக்கும் திட்டம் இருப்பதால், நகரப் பேருந்துகள் நிற்கும் இடத்தை முன்னரே கேட்டறிவது நல்லது. தெருக்கள் மிகக் குறுகியவை. மகிழுந்தை நிறுத்த இடம் கிடைப்பது அரிது.

முதல்முறை செல்வோர்

முழுப் பகுதியையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க இயலாது. பிராட்வேக்குக் கிழக்கே உள்ள முத்தியால்பேட்டையில் முற்பகலையும், மேற்கே உள்ள பெத்தநாயக்கன்பேட்டையில் பிற்பகலையும் செலவிடுவது எளிய வழியாகும்.

மொத்தக் கடைகள் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல்தான் முழு அளவில் இயங்கும். கோயில்களோ நண்பகலில் நடைசாத்தி மாலையில் மீண்டும் திறக்கப்படும். ஆகவே காலையில் உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி, பாரிமுனை, ஆர்மீனியத் தேவாலயம், காளிகாம்பாள் கோயில் ஆகியவற்றை முதலில் பார்ப்பது பொருந்தும். பின்னர் பிராட்வேயைக் கடந்து ஆண்டர்சன் தெரு, கோடவுன் தெரு வழியே கடைகளைப் பார்க்கலாம். நடை திறந்தபின் கந்தகோட்டம் சென்று, மாலையில் தங்கசாலைத் தெருவில் பயணத்தை முடித்துச் சென்ட்ரல் வழியாகத் திரும்பலாம். கனமான பொருட்களை வாங்க வேண்டியிருப்பின் அவற்றை இறுதியில் வாங்குவதே நன்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் மொத்தக் கடைகள் பல மூடியிருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நெரிசல் மிகுதி. அக்டோபர் முதல் திசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தாழ்வான தெருக்களில் நீர் தேங்குவதுண்டு. ஏப்ரல், மே மாதங்களில் நண்பகல் நடை கடினமானது.

சில கடைகள் ஒன்றிரண்டாகப் பொருள் தருவதில்லை; பன்னிரண்டு அல்லது ஒரு கட்டு என்ற அளவிலேயே விற்கும். கேட்கும் விலை ஒன்றுக்கா, கட்டுக்கா, வரி உட்பட்டதா என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மின்னணுப் பொருட்களை இயக்கிப் பார்த்து, இரசீது பெற்று வாங்குவது பாதுகாப்பானது. பொதுக் கழிப்பிடங்கள் குறைவு என்பதால் மெட்ரோ நிலைய வசதியைப் பயன்படுத்துவோர் பலர். சுமை ஏற்றிய மூன்றுருளி வண்டிகள் விரைந்து நிற்க முடியாதவை. அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்குவது நடப்பவர் கடமையாகும்.

உணவு

சவுகார்பேட்டை, வட இந்தியச் சிற்றுணவுகளுக்குப் பெயர் பெற்றது. கச்சோரி, சிலேபி, பாதாம் பால் ஆகியவற்றுடன், இரு முறுக்குகளுக்கிடையே காய்கறித் துண்டுகளை வைத்துத் தரும் "முறுக்கு சாண்ட்விச்" இங்கு விற்கப்படுகிறது. பர்மா பசாரை அடுத்த தெருக்களில் அத்தோ, மொகிங்கா முதலிய பர்மிய உணவுகள் மாலையில் கிடைக்கும். பர்மாவில் பல தலைமுறைகள் வாழ்ந்து, 1960களில் உடைமைகளை இழந்து திரும்பிய குடும்பங்கள் தம்முடன் கொண்டுவந்த உணவு இது.

இன்றைய சிக்கல்கள்

குதிரை வண்டிகளுக்காக அமைந்த தெருக்கள் இன்று சரக்குந்துகளையும் ஈருருளிகளையும் தாங்குகின்றன. நெரிசலைக் குறைக்கக் காய்கறி அங்காடி கோயம்பேட்டுக்கும், இரும்பு வணிகத்தின் ஒரு பகுதி சாத்தாங்காட்டுக்கும் மாற்றப்பட்டன. ஆயினும் பெரும்பாலான வணிகர் இடம்பெயர விரும்புவதில்லை. தரகர், சுமை தூக்குவோர், கடன் தருவோர், கட்டுக் கட்டுவோர், தேநீர்க் கடைக்காரர் ஆகியோர் அனைவரும் நடைதூரத்தில் இருப்பதால்தான் இவ்வணிகம் நடக்கிறது. ஒரு தெரு இடம்பெயரும்போது கடைக்காரருக்கு வேறு இடம் ஒதுக்கப்படலாம். அவரைச் சார்ந்திருந்த சுமைதாரருக்கு அவ்வாறு ஒதுக்கீடு கிடைப்பதில்லை.

நடைபாதை வணிகம் மற்றொரு சிக்கலாகும். நடப்பதற்கு வழி வேண்டும் என்ற கோரிக்கையும், பிழைப்புக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கையும் இங்கு ஒரே நடைபாதையின்மேல் எழுகின்றன. 2014 ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம், விற்பனைக்குரிய இடங்களையும் விற்பனை கூடாத இடங்களையும் வகுக்குமாறு கூறுகிறது.

திண்ணையும் முற்றமும் கொண்ட பழைய வீடுகள் பல கிடங்குகளாக மாறிவிட்டன. பல இடிக்கப்பட்டு அடுக்குக் கட்டடங்களாயின. குறுகிய தெருக்களில் எளிதில் தீப்பற்றும் சரக்குகள் சேமிக்கப்படுவதும், தீயணைப்பு ஊர்திகள் நுழைய இடமின்மையும் பேரிடர் வாய்ப்பை மிகுதிப்படுத்துகின்றன. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 2012 ஆம் ஆண்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் கோயில், தேவாலயம், நீதிமன்றம் போன்ற பெரிய கட்டடங்கள் பெறும் கவனத்தை, இப்பகுதியின் தன்மையை உருவாக்கிய எளிய வணிகர் வீடுகள் பெறுவதில்லை.