பொன்னியின் செல்வன் முடிவுரை

பொன்னியின் செல்வன் முடிவுரை என்பது, கல்கி (ரா. கிருஷ்ணமூர்த்தி) தாம் எழுதிய பொன்னியின் செல்வன் என்னும் வரலாற்றுப் புதினத்தின் இறுதியில் சேர்த்த விளக்கவுரை ஆகும். கதை திடீரென முடிந்துவிட்டது என்று வாசகர்கள் குறைபட்டுக் கொண்டதற்கு மறுமொழியாக இது எழுதப்பட்டது. தொடர்கதையொன்றின் இறுதிப் பகுதி தந்த ஏமாற்றத்தை ஆசிரியரே எடுத்துரைத்து, அதற்கு விளக்கமும் அளித்தமையால் இது தமிழ் இதழியல் வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கது.

பின்னணி

இப்புதினம் கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தொடராக வெளிவந்தது. மணியம் இதற்கு ஓவியம் வரைந்தார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்பன இதன் ஐந்து பாகங்கள். ஐந்தாம் பாகம் 91 அத்தியாயங்களைக் கொண்டது. ஏனைய பாகங்களுள் எதுவும் 60 அத்தியாயங்களை எட்டவில்லை. ஆகவே, வாசகர்களின் குறை முடிவுப் பகுதியின் அளவைப் பற்றியதன்று.

ஏமாற்றத்தின் காரணங்கள்

ஐந்தாம் பாகத்தில் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் கொல்லப்படுகிறான். அருள்மொழிவர்மன் தனக்கு வந்த மணிமகுடத்தை உத்தம சோழனுக்குச் சூட்டுகிறான். மணிமேகலையின் மரணத்தோடு கதை நிறைவடைகிறது. ஆனால் முதல் பாகம் தொட்டு வளர்ந்து வந்த வேறு பல இழைகள் முடிச்சிடப்படாமல் நின்றன. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் திருமணம் நடந்ததா, நந்தினி என்ன ஆனாள், ரவிதாசன் கூட்டத்தாருக்குத் தண்டனை கிடைத்ததா என்பன போன்ற வினாக்கள் எஞ்சின. கரிகாலனைக் கொன்றவர் யார் என்பது இன்றும் வாசகர்களால் விவாதிக்கப்படுகிறது.

தொடர்கதையை வாரந்தோறும் படிப்பவர், ஒவ்வோர் இதழுக்கும் இடையில் அடுத்து நிகழப்போவதைத் தாமே ஊகித்துக் கொண்டிருப்பார். மூன்றரை ஆண்டுகள் இவ்வாறு காத்திருந்தவருக்குக் கதைமாந்தரின் பிற்கால வாழ்வை அறியும் விருப்பம் எழுவது இயல்பே.

கல்கியின் விளக்கம்

முழுதும் கற்பனையான கதைக்கும் வரலாற்றுக் கதைக்கும் உள்ள வேறுபாட்டைக் கல்கி தம் விளக்கத்தின் அடிப்படையாகக் கொண்டார். கற்பனைக் கதையில் எல்லோருடைய வாழ்வையும் ஆசிரியர் விரும்பியவாறு நிறைவு செய்யலாம். வரலாற்று மாந்தரின் வாழ்வோ கதை முடிந்த பின்னரும் நீள்கிறது. பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம் ஆகியவற்றில் கனவும் சபதமும் நிறைவேறுவதே கதைக்கு எல்லையாகிறது. பொன்னியின் செல்வனுக்கு அருள்மொழிவர்மனின் தியாகமே அத்தகைய எல்லை என்பதை ஐந்தாம் பாகத்தின் பெயரே உணர்த்துகிறது.

வரலாற்றுச் சான்றுகள்

வாசகர் வினாக்கள் சிலவற்றுக்குச் சாசனங்களில் விடை உண்டு.

* தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிப்பிடுகிறது.
* காட்டுமன்னார்கோயில் அருகிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன், சோமன் முதலானோரையும் அவர்கள் உடைமைகள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையையும் கூறுகிறது.
* திருவாலங்காட்டுச் செப்பேடுகள், சிற்றப்பன் அரசாள விரும்பியதால் அருள்மொழிவர்மன் அரியணையை ஏற்கவில்லை என்கின்றன.

கொலைக்கான காரணத்தை உடையார்குடிக் கல்வெட்டு கூறவில்லை. நந்தினி கற்பனைப் பாத்திரம் என்பதால் அவளைப் பற்றிய சான்று ஏதுமில்லை.

பிறர் எழுதிய புதினங்கள்

கல்கி 1954 டிசம்பர் 5 அன்று காலமானார். இதன் தொடர்ச்சியை அவர் எழுதவில்லை. விக்கிரமன் அமுதசுரபி இதழில் எழுதிய நந்திபுரத்து நாயகி, பொன்னியின் செல்வன் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தது. அகிலனின் வேங்கையின் மைந்தன் இராசேந்திர சோழனின் காலத்தையும், பாலகுமாரனின் உடையார் தஞ்சைக் கோயில் எழுந்த காலத்தையும் களமாகக் கொண்டவை.

பிற மொழிகளில்

இதனையொத்த வாசகர் ஏமாற்றம் ஆங்கிலத்தில் அமானுடக் காதல் புதினத் தொடர்களில் காணப்பட்டது. ஸ்டெஃபனி மேயரின் டுவைலைட் தொடரில் 2008 ஆகஸ்டில் வெளியான பிரேக்கிங் டான், எதிர்பார்க்கப்பட்ட போர் நிகழாமலேயே முடிந்தது. வாசகர் சிலர் நூலைக் கடைகளில் திருப்பித் தருமாறு பிறரைத் தூண்டினர். 2012 இல் வந்த திரைப்படம் அப்போரை ஒரு பாத்திரத்தின் முன்னறிவுக் காட்சியாகச் சேர்த்துக் கொண்டது.

சார்லைன் ஹாரிஸ் எழுதிய சூக்கி ஸ்டாக்ஹவுஸ் தொடரின் 13 ஆவதும் இறுதியுமான புதினம் டெட் எவர் ஆஃப்டர் (2013). நாயகி இரத்தக்காட்டேரியான எரிக்கைத் தேர்ந்தெடுக்காததால் வாசகர் பலர் சினமுற்றனர். அதே ஆண்டில் ஹாரிஸ், கதைமாந்தர் ஒவ்வொருவரின் பிற்கால வாழ்வையும் அகரவரிசையில் கூறும் ஆஃப்டர் டெட் என்னும் நூலை வெளியிட்டார்.

கல்கியும் ஹாரிசும் எதிர்கொண்ட வினா ஒன்றே. ஆனால் ஹாரிசின் மாந்தர் கற்பனையில் பிறந்தவர்கள் என்பதால் அவரால் எல்லோருக்கும் விடை தர முடிந்தது. கல்கி தம் மாந்தருட் பலரைச் சோழர் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டதால், சாசனங்கள் பேசாதவற்றை உறுதியாகச் சொல்லும் உரிமை அவருக்கு அந்த அளவுக்கு இருக்கவில்லை.