ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனில் சூடு தொலையும் வழிகள்

1. எடுத்துக்கொண்ட பொருள்

1950இல் உற்பத்தி தொடங்கிய டைப் 2 வேனை, அடுத்த ஆண்டிலிருந்தே படுக்கையும் அலமாரியும் வைத்து வீடாக்கியது ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம். இங்கே பேசப்படுவது 1967 முதல் 1979 வரை ஜெர்மனியில் தயாரான இரண்டாம் தலைமுறை. பனிக்காலத்தில் இதை ஓட்டுபவர் கண்ணாடியை உட்புறமும் சுரண்டுவார். ‘காத்துல ஆறுற இன்ஜின்ல சூடு ஏது?’ என்று அலுத்துக்கொள்வார். சூடு தாராளமாகவே இருக்கிறது. அது முன்னிருக்கை வரை வந்து சேர்வதில்லை என்பதே என் வாதம்.

2. பிறப்பு

ரேடியேட்டர் இல்லாததால் வெந்நீரை உள்ளே அனுப்ப வழியில்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் விசிறியின் காற்றில் ஒரு பங்கு, இருபுறமும் உள்ள வெப்ப மாற்றிகளுக்குப் போகிறது. நடுவில் புகைக்குழாய், அதைச் சுற்றி அலுமினியச் செதில்கள், வெளியே தகர உறை: இவ்வளவுதான் கருவி. விசிறி இன்ஜினோடு சேர்ந்தே சுழல்வதால், சிக்னலில் நிற்கும்போது காற்று மெலிந்துவிடும். இது பிறவிக் குறை.

3. இழப்பு

மற்ற குறைகளில் பல வயதால் வந்தவை. மாற்றியின் முனையில் உள்ள மடல்தான் காற்றை உள்ளே விடவா, வெளியே தள்ளவா என்று தீர்மானிக்கிறது. அதை இழுக்கும் கேபிள் துருப்பிடித்தால், ஓட்டுநர் லீவரை முழுதாகத் தள்ளினாலும் மடல் பாதிதான் திறக்கும். ஒருவர் லீவரை அசைக்க, இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து மடலின் கை கடைசி வரை போகிறதா என்று பார்த்தால் போதும். செலவே இல்லாத சோதனை.

அடுத்தது, தரைக்கு அடியில் பின்னிருந்து முன்வரை ஓடும் நீண்ட குழாய். எதிர்க்காற்றும் சாலைத் தண்ணீரும் அதன்மேல் அடித்துக்கொண்டே இருக்கும். கண்ணாடிப் பஞ்சு சுற்றுவது சரிதான், ஆனால் மேலே நீர்புகா உறை வேண்டும். நனைந்த பஞ்சு குழாயை மேலும் குளிர வைக்கும். மலிவான மாற்று உதிரிகளில் இன்னொரு ஏமாற்று: வெளித்தோற்றம் அசலேதான், உள்ளே செதில்கள் குறைவு, சிலவற்றில் வெறுங்குழாய். வாங்குமுன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

4. ஆபத்து

மாற்றிக்குள் இருக்கும் புகைக்குழாய் துருவில் ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடு நேரே உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வெப்பக் காற்றுக் குழாயில் கரி தென்பட்டால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு மாற்றியைக் கழற்ற வேண்டும். எச்சரிக்கைக் கருவி ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

5. துணைகள்

வெப்பக் காற்றுக் குழாயின் வழியில் மின்விசிறி பொருத்தினால் காற்று கூடும், அதன் வெப்பநிலை கூடாது. கசிவுகளை அடைக்காமல் அதை வாங்குவது வீண் செலவு. நிறுத்திய வண்டியில் தூங்குபவருக்கு, தனியே பெட்ரோல் எரித்துத் தன் புகையை வெளியே விடும் எபர்ஸ்பேஷர் ஹீட்டரே பொருந்தும். ஓடும்போதோ, முன்னிருக்கைக்குப் பின்னால் கனத்த திரை ஒன்றைத் தொங்கவிட்டால் சூடேற்ற வேண்டிய இடமே குறைந்துவிடும்.