ஆட்டிசம் விழிப்புணர்வும் மாணவர் தொண்டுணர்வும்: நாட்டு நலப்பணித் திட்டத்தை முன்வைத்து

ஏப்ரல் 2ஆம் நாளை உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2007 டிசம்பரில் அறிவித்தது. இன்று நம் கல்லூரிகள் பலவற்றில் அந்நாளையொட்டிக் கருத்தரங்கும் பேரணியும் நடக்கின்றன. ஆட்டிசம் இன்னதென்று தெரிந்துவிட்டால் மாணவர்கள் தாமாகவே தொண்டாற்ற முன்வருவார்கள் என்ற எண்ணம் இவற்றுக்குப் பின்னே உள்ளது. இந்த எண்ணம் பாதியளவே சரி.

ஐசக் ஆய்சன் 1991இல் விரித்துரைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு இங்கே உதவும். ஒரு செயலில் இறங்கும் எண்ணம் மூன்றைச் சார்ந்தது என்கிறார் அவர்: அச்செயலைப் பற்றிய மனப்பான்மை, சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்பு, தன்னால் இது முடியும் என்ற நம்பிக்கை. விழிப்புணர்வு உரைகள் முதலாவதைத் தொடுகின்றன. மூன்றாவதை அவை பெரும்பாலும் தொடுவதில்லை, குலைக்கவும் கூடும். குறைபாடுகளை மட்டுமே அடுக்கும் உரையைக் கேட்ட மாணவி இரக்கத்தோடு அச்சத்தையும் சுமந்து வெளியே வருகிறார். குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறினால் என்ன செய்வது? பேசாத சிறுவன் எதைக் கேட்கிறான் என்று எப்படி அறிவது? மாணவரின் தயக்கம் பெரிதும் இத்தகைய கேள்விகளிலிருந்தே பிறக்கிறது. அதை அலட்சியம் என்று பழிப்பது அநீதி.

அறிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தாயின் பாசமின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் நூலெழுதிப் பரப்பினார். பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இலேயே இக்கருத்தை மறுத்திருந்தும், அந்தப் பழி தாய்மார்களை நெடுங்காலம் வாட்டியது. தொண்டுக்குச் செல்லும் மாணவர் அதே பழியை மனத்தில் சுமந்து செல்லக் கூடாது. அந்த அளவுக்கு வகுப்பறைப் பாடம் இன்றியமையாதது.

நம்பிக்கையோ பழகித்தான் வரும். சமநிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவன ஆதரவு ஆகியவை அமைந்த தொடர்பே தப்பெண்ணத்தைக் குறைக்கும் என்று கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். இனிப்பு கொடுத்துப் படமெடுத்துத் திரும்பும் ஒருநாள் வருகையில் முதல் மூன்றும் இல்லை. அன்றாட ஒழுங்கு மாறாதிருப்பதில் ஆறுதல் காணும் குழந்தைகளுக்குத் திடீரென வந்து மறையும் கூட்டம் துன்பமே தருகிறது. இதைத் தொண்டு என்று ஏற்க என்னால் இயலவில்லை.

மாற்றுவழி நம் கையிலேயே இருக்கிறது. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் ஒவ்வொரு தொண்டரிடமும் ஈராண்டில் 240 மணிநேரப் பணியை எதிர்பார்க்கிறது. அதில் கால்பங்கு, அதாவது 60 மணிநேரம் போதும்: வாரம் இரண்டு மணிநேரம், முப்பது வாரம், அதே சிறப்புப் பள்ளி, அதே குழந்தை. தொடக்க வாரங்களில் மாணவர் சிறப்பாசிரியரின் அருகிலிருந்து கவனித்தால் போதும். பட அட்டைகளால் உரையாடவும், பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்கவும், ஓசை மிகும்போது குழந்தையை அமைதியான இடத்துக்கு அழைத்துச் செல்லவும் அங்கேதான் கற்க முடியும்.

இக்கற்றல் ஒருவழிப்பட்டதன்று. புரிந்துகொள்வதில் உள்ள இடர் இருதரப்புக்கும் பொது என்று, தாமும் ஆட்டிசம் உடையவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் வாதிட்டார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது; அரசு உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆட்டிசம் உடையோர் நம் வகுப்புத் தோழர்களாகவும் இருக்கக்கூடும் என்பதால், இப்பணியைத் திட்டமிடும் குழுவில் அவர்களுக்கும் இடம் வேண்டும்.

திட்ட அலுவலர்கள் அடுத்த ஏப்ரல் நிகழ்ச்சிக்குத் தேதி குறிக்கும் முன், அருகிலுள்ள சிறப்புப் பள்ளிக்குச் சென்று, எந்தக் கிழமையில் எத்தனை பேர் தொடர்ந்து வந்தால் உதவியாக இருக்கும் என்று கேட்டறிய வேண்டும்.