ஒத்தச் சக்கரம் மட்டும் சுத்தினா...

பழைய ரேஸ் கார்னா எனக்குக் கிறுக்கு. 1934-ல ஜெர்மனியில ஓட ஆரம்பிச்ச ஆட்டோ யூனியன் கார் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைச்சது. டிரைவர் முதுகுக்குப் பின்னால 16 சிலிண்டர் எஞ்சின்! ஆனா 160 கி.மீ. வேகம் வரைக்கும் பின்சக்கரத்துல ஒண்ணு மட்டும் சும்மா சுத்தித் தொலைக்குமாம்.

குற்றவாளி டிஃபரன்ஷியல். வளைவுல வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடணும், அதனால ரெண்டையும் வேற வேற வேகத்துல சுத்த விடுது. நல்ல விஷயம்தான். ஆனா விசையை ரெண்டுக்கும் சமமா மட்டும்தான் பிரிக்கத் தெரியும். பிடிப்பில்லாம வழுக்குற சக்கரத்தைச் சுத்த கொஞ்சூண்டு விசை போதும். மத்ததுக்கும் அதே கொஞ்சூண்டுதான் கிடைக்கும். சேத்துல மாட்டின லாரியைப் பார்த்திருப்பீங்களே, அதே கதை.

1935-ல போர்ஷே, இசட்.எஃப். கம்பெனிகிட்ட தீர்வு கேட்டார். மேடு பள்ளமான ரெண்டு வளையம், நடுவுல முன்னும் பின்னும் நகர்ற சின்னக் கட்டைகள். ஒரு சக்கரம் தனியா ஓடப் பார்த்தா கட்டைகள் மேட்டுல உரசும். அந்த உரசல்தான் விசையை, மெதுவா சுத்துற சக்கரத்துக்குத் தள்ளுது. கட்டை சீக்கிரம் தேயும், அது வேற விஷயம் :-)

1940-ல தயாரிப்புக்கு வந்த ஜெர்மன் ராணுவத்தோட கூபல்வாகன்லயும் இதே ஏற்பாடு. பின்சக்கரம் ரெண்டுக்கு மட்டும்தான் எஞ்சின் விசை. ஆனாலும் சேறு, மணல்னு போச்சு. சாதாரண ஜனங்க வாங்குற கார்ல, அமெரிக்காவுல பேக்கார்ட் கம்பெனி 1956-லதான் கொடுத்தாங்க.