ஐக்கிய இராச்சியத்தில் இசைச் சிகிச்சை

இசைச் சிகிச்சை என்பது, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் இசையையும் இசையின் வழியாக உருவாகும் உறவையும் பயன்படுத்தி, ஒருவரின் உடல், உள, சமூக நலனை மேம்படுத்த முயலும் முறையாகும். ஐக்கிய இராச்சியத்தில் இது சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு நலத்துறைத் தொழிலாக விளங்குகிறது. பள்ளிகள், மருத்துவமனைகள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள் ஆகியன இதன் முதன்மையான பணிக்களங்கள். 1950களின் இறுதியில் தனிமனிதர் சிலரின் முயற்சியாகத் தொடங்கிய இத்துறை, 1997 இல் அரசின் ஏற்பைப் பெற்றது.

பொருளும் எல்லையும்

நோயாளிகளுக்கு இசை கேட்கச் செய்வது எல்லாம் இசைச் சிகிச்சை ஆகாது. மருத்துவமனைக் கூடத்தில் நடைபெறும் இசை நிகழ்ச்சி, முதியோர் இல்லத்தில் ஒலிக்கும் வானொலி, பள்ளியில் கற்பிக்கப்படும் இசைப்பாடம் ஆகியவை நன்மை தரலாம். எனினும் அவற்றின் நோக்கம் வேறு. இசைச் சிகிச்சையில் மூன்று கூறுகள் இருத்தல் வேண்டும்: தகுதி பெற்ற சிகிச்சையாளர், குறிப்பிட்ட நபரின் தேவையை மதிப்பிட்டு வகுக்கப்பட்ட இலக்கு, தொடர்ச்சியான அமர்வுகள். சிகிச்சை பெறுபவருக்கு இசையறிவு இருக்க வேண்டியதில்லை. அவர் நன்றாக வாசிக்கக் கற்றுக்கொள்வதும் இதன் இலக்கு அன்று.

எந்த நோய்க்கு எந்த இராகம் என்று பட்டியலிட்டு வழங்கும் முறைகளிலிருந்தும் இது வேறுபட்டது. பிரித்தானிய முறையில், குறிப்பிட்ட ஒரு பண்ணுக்கோ மெட்டுக்கோ குறிப்பிட்ட நோயைத் தீர்க்கும் ஆற்றல் உண்டு எனக் கொள்வதில்லை. இருவர் சேர்ந்து இசையை உருவாக்கும்போது அவர்களிடையே நிகழும் தொடர்பாடலே சிகிச்சையின் மையமாகக் கருதப்படுகிறது.

வரலாறு

முற்கால முயற்சிகள்

19 ஆம் நூற்றாண்டின் மனநோய் காப்பகங்கள் சிலவற்றில் இசைக்குழுக்கள் இருந்தன. இங்கிலாந்தின் வூஸ்டர் நகருக்கு அருகில் பாவிக் என்னுமிடத்தில் இருந்த காப்பகத்தில், பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான எட்வர்ட் எல்கர் 1879 முதல் 1884 வரை இசைக்குழு நடத்துநராகப் பணியாற்றினார். காப்பகப் பணியாளர்களே அக்குழுவில் வாசித்தனர். அங்கு நடைபெற்ற நடன நிகழ்ச்சிகளுக்காக எல்கர் பல சிறு நடன இசைகளை எழுதினார்.

1891 இல் பிரடெரிக் ஹார்ஃபோர்டு என்னும் கிறித்தவ குரு, இலண்டனில் புனித செசிலியா கழகத்தைத் தொடங்கினார். இசைக்கலைஞர்களை மருத்துவமனைகளுக்கு அனுப்பி, நோயாளிகளுக்கு மென்மையான இசையை வாசிக்கச் செய்வது இதன் திட்டம். தொலைபேசி வழியாகப் பல மருத்துவமனைகளுக்கு இசையை அனுப்பும் எண்ணமும் அவருக்கு இருந்தது. இம்முயற்சி நீடிக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் காயமுற்ற படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் இசை பரவலாகப் பயன்பட்டது. அங்கு 1944 இல் மிச்சிகனில் முதற் பயிற்சிப் படிப்பும், 1950 இல் தேசிய அளவிலான தொழிற்சங்கமும் தோன்றின. பிரித்தானியாவில் இவ்வளர்ச்சி சற்றுப் பிந்தியே ஏற்பட்டது.

முன்னோடிகள்

பிரான்சில் பிறந்த செல்லோ இசைக்கலைஞரான ஜூலியட் ஆல்வின் (1897–1982) 1958 இல் இசைச் சிகிச்சைக்கான சங்கத்தை இலண்டனில் நிறுவினார். இது பின்னர் பிரித்தானிய இசைச் சிகிச்சைச் சங்கம் எனப் பெயர் பெற்றது. 1968 இல் கில்டுஹால் இசைப்பள்ளியில் அவர் தொடங்கிய படிப்பு, நாட்டின் முதல் முறைசார் பயிற்சிப் படிப்பாகும்.

அதே 1958 இல் அமெரிக்க இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான பால் நார்டாஃப் (1909–1977), வூஸ்டர்சயர் மாவட்டத்தில் சன்ஃபீல்டு குழந்தைகள் இல்லத்துக்கு வந்தார். அங்கு சிறப்புக் கல்வி ஆசிரியராக இருந்தவர் கிளைவ் ராபின்ஸ் (1927–2011). இருவரும் 1959 முதல் இணைந்து, பேச்சு வழித் தொடர்பு மிகக் குறைவாக இருந்த குழந்தைகளுடன் இசையின் வழியே பணியாற்றினர். குழந்தை எழுப்பும் ஒலி, அழுகை, அசைவு ஆகியவற்றையே இசைக்கருவாகக் கொண்டு நார்டாஃப் பியானோவில் பதில் வாசிப்பார். ராபின்ஸ் குழந்தையின் அருகிலிருந்து ஊக்குவிப்பார். அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, பின்னர் நுணுக்கமாகக் கேட்டு ஆராய்வது இவர்களின் வழக்கம். 1960களில் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் இப்பணி தொடர்ந்தது. 1974 இல் இலண்டனின் கோல்டி லீ மருத்துவமனையில் இவர்களது முறைக்கான பயிற்சிப் படிப்பு தொடங்கப்பட்டது.

ஆல்வினிடம் பயின்ற வயலின் கலைஞர் மேரி பிரீஸ்ட்லி (1925–2017), மேற்கு இலண்டனிலுள்ள செயின்ட் பெர்னார்ட்ஸ் மனநல மருத்துவமனையில் பணியாற்றி, உளப்பகுப்பாய்வு சார்ந்த இசைச் சிகிச்சையை உருவாக்கினார். இவர் எழுத்தாளர் ஜே. பி. பிரீஸ்ட்லியின் மகள் ஆவார்.

தொழில் ஏற்பு

1976 இல் இசைச் சிகிச்சையாளர்களுக்கான தொழிற்சங்கம் உருவானது. 1982 இல் தேசிய சுகாதார சேவையில் இப்பணிக்குரிய ஊதியப் படிநிலை ஏற்கப்பட்டது. 1997 இல் ஓவியச் சிகிச்சை, நாடகச் சிகிச்சை ஆகியவற்றுடன் இசைச் சிகிச்சையும் அரசுப் பதிவுக்குரிய தொழிலாயிற்று. தற்போது இப்பதிவை உடல்நல, பராமரிப்புத் தொழில்கள் மன்றம் மேற்கொள்கிறது. இம்மன்றத்தில் பதியாத ஒருவர் தம்மை இசைச் சிகிச்சையாளர் என அழைத்துக்கொள்வது சட்டப்படி குற்றமாகும். பதிவுபெற முதுநிலைக் கல்வித் தகுதி தேவைப்படுகிறது. 2011 இல் முன்னைய இரு சங்கங்களும் இணைந்து, இசைச் சிகிச்சைக்கான பிரித்தானியச் சங்கம் உருவானது.

அணுகுமுறைகள்

பிரித்தானிய இசைச் சிகிச்சையின் தனித்தன்மை, முன்னேற்பாடு இன்றி அக்கணத்தில் உருவாக்கப்படும் இசைக்கு அது தரும் முதன்மையாகும். கருநாடக இசையில் மனோதர்மம் எனப்படுவதுடன் இதனை ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் இங்கு இராக, தாள இலக்கணம் கட்டாயமன்று. மேளத்தில் ஒரே ஓர் அடி விழுந்தாலும் அதுவும் ஓர் உரையாடலின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளப்படும்.

நார்டாஃப்-ராபின்ஸ் முறை, ஊனம் எவ்வாறு இருப்பினும் ஒவ்வொரு மனிதரிடமும் இசைக்கு மறுமொழி தரும் இயல்பு உண்டு என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டது. இவ்வியல்பை அவ்விருவரும் 'இசைக் குழந்தை' எனப் பெயரிட்டு அழைத்தனர். பிரீஸ்ட்லியின் முறையில் இசைத்த பின்னர் அதனால் எழுந்த உணர்வுகளைப் பற்றிப் பேசுவதற்கும் இடமுண்டு. மூளைக்காயம், பக்கவாதம், பார்க்கின்சன் நோய் ஆகியவற்றில் தாளத்தைக் கொண்டு நடையையும் அசைவையும் சீர்செய்யும் நரம்பியல் சார்ந்த முறை அமெரிக்காவில் உருவாகிப் பிரித்தானியாவிலும் பயன்படுத்தப்படுகிறது.

சிகிச்சை நடைபெறும் முறை

ஆசிரியர், மருத்துவர், குடும்பத்தினர் அல்லது பராமரிப்பாளர் ஒருவரைப் பரிந்துரைப்பதுடன் பணி தொடங்குகிறது. முதல் சில அமர்வுகள் மதிப்பீட்டுக்குரியவை. பின்னர் இலக்குகள் வகுக்கப்பட்டு, பெரும்பாலும் வாரம் ஒருமுறை அமர்வுகள் நடைபெறும். தனியாகவோ சிறு குழுவாகவோ இவை அமையலாம். பியானோ, கிதார், மேளங்கள், கைத்தாளங்கள், சைலஃபோன் போன்ற கருவிகள் பயன்படுகின்றன. முதன்மையான கருவி பல வேளைகளில் மனிதக் குரலே.

வாய்ப்புள்ள இடங்களில் நாள், நேரம், அறை ஆகியன மாறாமல் பேணப்படுகின்றன. வாழ்த்துப் பாடலில் தொடங்கி விடைபெறும் பாடலில் முடிப்பது குழந்தைகளுடனான அமர்வுகளில் பரவலான வழக்கம். எதிர்பார்க்கக்கூடிய இவ்வமைப்பு, மாற்றங்களைத் தாங்க இயலாத குழந்தைக்கோ நினைவு மங்கிய முதியவருக்கோ பாதுகாப்புணர்வைத் தரும். சிகிச்சையாளரும் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் தம் பணியைப் பற்றி முறையாகக் கலந்துரையாட வேண்டும்.

பணிக்களங்கள்

பள்ளிகள்

மதியிறுக்கம், கற்றல் குறைபாடு, பல்வகை ஊனம் உடைய குழந்தைகள் பயிலும் சிறப்புப் பள்ளிகள் இத்துறையின் பழைமையான களங்களுள் அடங்கும். பொதுப் பள்ளிகளிலும் மனத்துயர், இழப்பு, புறக்கணிப்பு ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட மாணவர்களுக்கு இது வழங்கப்படுகிறது. முறை மாற்றி வாசித்தல், காத்திருத்தல், மற்றவரின் ஒலிக்குச் செவிசாய்த்தல் ஆகியவை உரையாடலின் அடிப்படைத் திறன்களும் ஆகும். பேசாத குழந்தை இவற்றைச் சொற்களுக்கு முன்பே இசையில் பழக முடியும் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தின்படி, சிறப்புக் கல்வித் தேவையுள்ள குழந்தைக்குக் கல்வி, உடல்நலம், பராமரிப்பு ஆகியவற்றை ஒருங்கிணைத்த திட்டம் வகுக்கப்படலாம். அத்திட்டத்தின் சிறப்புக் கல்வி ஏற்பாடுகளுள் ஒன்றாக இசைச் சிகிச்சை குறிக்கப்பட்டால், அதனைப் பெற்றுத்தருவது உள்ளூராட்சியின் சட்டக் கடமையாகிறது. ஆகவே திட்ட ஆவணத்தில் இடம்பெறும் ஒரு வரி பெற்றோருக்கு மிகவும் இன்றியமையாதது.

மருத்துவமனைகள்

மனநல மருத்துவமனைகள், குழந்தைகள் பிரிவுகள், நரம்பியல் மறுவாழ்வு மையங்கள், இறுதிக்கால நோயாளர் இல்லங்கள் ஆகியவற்றில் இசைச் சிகிச்சையாளர் பணிபுரிகின்றனர். உளப்பிணி, மனச்சிதைவு நோய் ஆகியவற்றுக்கான தேசிய மருத்துவ வழிகாட்டுதல்கள், கலைவழிச் சிகிச்சைகளை, சிறப்பாக ஊக்கமின்மை, உணர்வு மழுங்கல் போன்ற அறிகுறிகளுக்கு, வழங்கக் கருதலாம் எனக் கூறியுள்ளன.

மூளைக்காயத்தால் தன்னுணர்வு மிகக் குன்றியவர்களின் விழிப்பு நிலையை இசை மூலம் மதிப்பிடும் கருவி ஒன்று, இலண்டனின் பட்னி பகுதியிலுள்ள நரம்பியல் ஊனத்துக்கான அரச மருத்துவமனையுடன் தொடர்புடைய ஆய்வுகளிலிருந்து உருவானது. நோயாளி உணர்வுடன் இருக்கிறாரா என்னும் கேள்வி அவரது தொடர் மருத்துவத்தையே தீர்மானிக்கக்கூடியது. சொல்லுக்கும் காட்சிக்கும் மறுமொழி தராத சிலர் அறிமுகமான பாட்டுக்குத் தலையைத் திருப்பலாம் என்பதால், இம்மதிப்பீடு பிற சோதனைகளுக்குத் துணையாகப் பயன்படுகிறது.

பராமரிப்பு இல்லங்கள்

மறதிநோய் முற்றியவர்களிடமும் இளமையில் கேட்ட பாடல்களின் நினைவு பெரும்பாலும் நெடுநாள் எஞ்சியிருக்கிறது. பெயரை நினைவுகூர இயலாதவர் பாடலின் அடுத்த வரியைப் பாடுவதுண்டு. இதனைக் கொண்டு பதற்றத்தைத் தணிக்கவும், குடும்பத்தினருடன் தொடர்பை மீட்கவும் சிகிச்சையாளர் முயல்கின்றனர். இல்லப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் இப்பணியின் ஒரு பகுதியாகும். ஏனெனில், குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் உடனிருப்போர் அவர்களே.

ஸ்காட்லாந்தில் 2013 இல் நிறுவப்பட்ட ஒரு தொண்டு நிறுவனம், மறதிநோய் உள்ள ஒவ்வொருவருக்கும் அவரது வாழ்வோடு பிணைந்த பாடல்களின் தொகுப்பை உருவாக்கப் பரிந்துரைக்கிறது. சிகிச்சையாளர் இன்றியும் குடும்பத்தினர் செய்யக்கூடிய இது, முன்னர் கூறிய வரையறைப்படி இசைச் சிகிச்சை அன்று. அதற்குத் துணையாக அமைவது.

ஆய்வுச் சான்றுகள்

இத்துறையின் பயன் குறித்த சான்றுகள் ஒரே சீராக இல்லை.

* மதியிறுக்கம்: ஐக்கிய இராச்சியம் உட்பட 9 நாடுகளில் 4 முதல் 7 வயதுடைய 364 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வில், ஐந்து மாதங்களின் பின்னர் சமூகத் தொடர்பாடல் அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2022 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு 26 ஆய்வுகளைத் தொகுத்து, ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் பயன் இருக்கலாம் என்றது. பேச்சிலும் சமூக ஊடாட்டத்திலும் தெளிவான வேறுபாடு சிகிச்சை முடிவில் தென்படவில்லை.
* சிறார் மனநலம்: வட அயர்லாந்தில் 8 முதல் 16 வயதுடைய 251 பேரிடம் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வில், சிகிச்சை முடிவில் தன்மதிப்பு உயர்ந்து மனச்சோர்வு குறைந்தது. ஆனால் சில மாதங்களின் பின்னர் இப்பயன் நிலைக்கவில்லை.
* மனச்சோர்வு: பின்லாந்தில் 79 பேரிடம் நடத்தப்பட்ட 2011 ஆம் ஆண்டு ஆய்வில், வழமையான மருத்துவத்துடன் இசைச் சிகிச்சையும் பெற்றோர் மூன்று மாதங்களில் கூடுதல் முன்னேற்றம் கண்டனர்.
* மறதிநோய்: 2018 இன் காக்ரேன் மீளாய்வு, இசை சார்ந்த சிகிச்சைகள் மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைக்கக்கூடும் எனவும், கிளர்ச்சியையும் வன்நடத்தையையும் குறைப்பதாகத் தெரியவில்லை எனவும் கண்டது. ஆத்திரேலியப் பராமரிப்பு இல்லங்களில் 318 பேரிடம் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வில், குழு இசைச் சிகிச்சையை விடக் கூட்டாகப் பாடுதல் மனச்சோர்வைக் குறைப்பதில் சிறந்த பயன் தந்தது.

இவ்வாய்வுகளில் யார் சிகிச்சை பெற்றார் என்பதை மறைக்க முடியாது. மாத்திரைக்குப் போலி மாத்திரை போல, இசைக்குப் போலி இசை எளிதில் அமைவதில்லை. மேலும், தாயின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்த குழந்தையின் மாற்றத்தைப் பொது அளவுகோல் பதிவு செய்யாமல் போகலாம் எனச் சிகிச்சையாளர் வாதிடுகின்றனர். அளக்க இயலாத பயனுக்குப் பொதுப்பணம் ஒதுக்குவது எவ்வாறு என்பது எதிர்த்தரப்பின் கேள்வி.

நிதியும் சவால்களும்

இச்சேவையின் பெரும்பகுதி தொண்டு நிறுவனங்களையும், பள்ளிகள், இல்லங்கள் தாமே ஒதுக்கும் பணத்தையும் சார்ந்துள்ளது. நார்டாஃப்-ராபின்ஸ் அறக்கட்டளைக்காக இசைத்தொழில் துறையினர் 1976 முதல் சில்வர் கிளெஃப் விருது விழாக்களை நடத்தி நிதி திரட்டி வந்துள்ளனர். 1990 இல் நெப்வர்த் என்னுமிடத்தில் நடைபெற்ற பெரும் இசைவிழாவின் வருவாயிலும் இதற்குப் பங்கு கிடைத்தது. பால் மெக்கார்ட்னி, எல்டன் ஜான், பிங்க் ஃபிளாய்டு குழுவினர் முதலியோர் அதில் பங்கேற்றனர்.

ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் நிதியினால் சிகிச்சை இடையில் நின்றுபோகும் நிலை ஏற்படுவதுண்டு. உறவையே கருவியாகக் கொண்ட சிகிச்சையில் திடீர் முறிவு தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதால், விடைபெறுதலுக்கென முன்கூட்டியே பல அமர்வுகள் ஒதுக்கப்பட வேண்டும் என்பது பயிற்சியில் வலியுறுத்தப்படுகிறது. 2018 இல் வெளியான மறதிநோயும் இசையும் பற்றிய ஆணைக்குழு அறிக்கை ஒன்று, தரமான கலை, இசை ஏற்பாடுகள் ஏறத்தாழ 5 விழுக்காடு பராமரிப்பு இல்லங்களில் மட்டுமே கிடைக்கக்கூடும் என மதிப்பிட்டது.