கோல்கீப்பரை அறியாத விதி

2010 ஜூன் 11. ஜோகன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பையின் முதல் மேட்ச், தென்னாப்பிரிக்காவும் மெக்சிகோவும். ஒரு கார்னர் கிக்கைத் தொடர்ந்து வந்த பந்தை மெக்சிகோவின் கார்லோஸ் வேலா வலைக்குள் தள்ளினார். உடனே கொடி உயர்ந்தது. ஆஃப்சைடு.

ரூமில் ஒரே கூச்சல். "டேய், கோல் லைன்லயே ஒருத்தன் நிக்கிறான், கண்ணு தெரியலையா இவனுக்கு?" என்று நானும்தான் கத்தினேன். கொடி சரி, நான்தான் தப்பு என்று புரிய அன்றைக்கு ராத்திரி விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது.

நம்மில் பலர் "கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிக்கக்கூடாது" என்றுதான் இந்த விதியைப் படித்திருக்கிறோம். அது குறுக்குவழி. விதி டிஃபெண்டரைப் பற்றியே பேசுவதில்லை. சக வீரர் பந்தை உதைக்கும் நொடியில், எதிரணியின் பாதி மைதானத்தில், பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நீங்கள் இருந்தால் அது ஆஃப்சைடு நிலை. சும்மா நின்றால் குற்றமில்லை, ஆட்டத்தில் தலையிட்டால்தான் விசில். வழக்கமாகக் கடைசி ஆள் கோல்கீப்பர் என்பதால் நம் குறுக்குவழி வேலை செய்கிறது. அன்று கீப்பர் குனே பந்தைப் பிடிக்க முன்னால் வந்துவிட்டார். லைனில் நின்றவர் கடைசி ஆள் ஆகிவிட்டார், குனே கடைசிக்கு முந்தையவர். வேலா குனேவைத் தாண்டி நின்றார்.

இதை ஏன் இப்படிச் சுற்றி வளைத்து எழுதினார்கள்? காரணம் எளிது. இந்த விதி எழுதப்பட்டபோது விதிப்புத்தகத்தில் கோல்கீப்பரே கிடையாது!

1863-இல் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் எழுதிய முதல் விதிகளில், பந்துக்கு முன்னால் நிற்கும் எவரும் ஆட்டத்தில் இல்லை. ரக்பி இன்றும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1866-இல் தளர்த்தினார்கள்: உங்களுக்கும் கோலுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருந்தால் போதும். கையால் பந்தைத் தொடலாம் என்று ஒருவரைத் தனியாகப் பிரித்துக் கோல்கீப்பர் ஆக்கியது 1871-இல். அதற்குப் பிறகும் பழைய விதி தலைகளை மட்டும்தான் எண்ணியது. ஆபீசில் பழைய கோடைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

அந்த "மூன்று" ஒரு பெரிய ஓட்டையையும் திறந்துவிட்டது. அப்போது ஓர் அணிக்குப் பின்னால் இரண்டு ஃபுல்பேக்குகள். அதில் ஒருவர் நாலடி முன்னால் நகர்ந்தால் போதும், எதிரணி ஃபார்வர்டுக்கு முன்னால் கீப்பரும் இன்னொருவரும்தான் மிச்சம். ஆஃப்சைடு! கணக்குத் தப்பினாலும் பயமில்லை, இன்னொரு ஃபுல்பேக் காவலுக்கு இருக்கிறார். நியூகாசிலின் பில் மெக்ராக்கன் இந்தப் பொறியில் பேர் வாங்கியவர். 1907-இல் சொந்தப் பாதியில் ஆஃப்சைடு இல்லை என்று மாற்றியும் பொறி ஒழியவில்லை. ஆட்டம் நடுக்கோட்டை ஒட்டிய ஒரு பட்டைக்குள் முடங்கியது.

1925 ஜூனில் மூன்றை இரண்டு ஆக்கினார்கள். மாறியது ஒரே ஓர் எண். 1924-25 சீசனில் இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 462 ஆட்டங்களில் 1192 கோல்கள். அடுத்த சீசன், அதே 462 ஆட்டங்கள், 1703 கோல்கள். 1927-28-இல் எவர்டனின் டிக்ஸி டீன் ஒருவரே லீகில் 60 கோல் அடித்தார். இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை.

ஆனால் தடுப்பவர்கள் சும்மா இருப்பார்களா? 1925 அக்டோபரில் ஆர்சனல் நியூகாசிலிடம் 7-0 என்று உதை வாங்கியது. அதன் பிறகு மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன், சார்லி பக்கனின் யோசனைப்படி, நடுவில் ஆடும் சென்டர் ஹாஃபை இரண்டு ஃபுல்பேக்குகளுக்கு நடுவே இறக்கிவிட்டார். கோல் பெருகட்டும் என்று போட்ட விதி, பின்வரிசையில் மூன்றாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். அவர் பின்னால் போய் ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது, ஆங்கிலேயர்கள் இன்னும் அந்த டிஃபெண்டரை சென்டர் ஹாஃப் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

1990-இல் கடைசிக்கு முந்தைய ஆளுக்குச் சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை என்றார்கள். 2022 உலகக் கோப்பைக்கு மைதானக் கூரையில் 12 கேமராக்கள், பந்துக்குள் சென்சார் எல்லாம் வந்துவிட்டன. முதல் மேட்ச் கத்தாரும் ஈக்வடாரும். மூன்றாவது நிமிடமே வலென்சியா தலையால் முட்டிய கோல் ரத்து. கத்தார் கீப்பர் முன்னால் வந்திருந்தார், எஸ்ட்ராடாவின் கால் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டியிருந்தது.

எங்கள் வாட்ஸப் குரூப்பில் உடனே ஒருவன் கேட்டான்: "பின்னாடி ஒருத்தன் நிக்கிறானே, அப்புறம் எப்படிடா ஆஃப்சைடு?" நான் வேலாவின் வீடியோவைத் தேடி அனுப்பினேன்.